ருவாண்டாவின் 63 சதவீதம், நைஜீரியாவின் 4 சதவீதம்

கேள்வி இதுதான்: “ருவாண்டா நாடாளுமன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். லைபீரியா, மலாவி, தான்சானியா, நமீபியா என்று வரிசையாகப் பெண் அதிபர்கள். அரசியலில் பெண்களுக்கு இடம் கொடுப்பதில் ஆப்பிரிக்கா உலகத்துக்கே முன்னால் போய்விட்டதா, இல்லை வெளிநாட்டு நிதி வாங்கக் காட்டும் கணக்கா? ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் போட்ட ஒப்பந்தங்களால் நடைமுறையில் ஏதாவது மாறியதா?”

முதலில், 54 நாடுகளுக்கு ஒரே பதில் கிடையாது. ருவாண்டா கீழவையில் 63.8 சதவீதம் பெண்கள். நைஜீரியாவில் அந்த எண் 4 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் ருவாண்டா சொர்க்கம், நைஜீரியா நரகம் என்று முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஒரு பெண் உறுப்பினர் உட்கார்ந்திருக்கும் இடத்தை அவருக்குக் கொடுத்தது யார், பிடிக்காமல் போனால் அதைப் பிடுங்கக்கூடியவர் யார் என்று கேட்டால்தான் அந்த எண்ணின் மதிப்பு தெரியும்.

ருவாண்டாவிலிருந்தே தொடங்கலாம். கீழவையில் மொத்தம் 80 இடம். 53 இடங்களுக்குக் கட்சிப் பட்டியல் முறையில் மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள். 24 இடம் பெண்களுக்கு மட்டும். அவற்றுக்குப் பொது வாக்கெடுப்பு இல்லை. உள்ளாட்சி, மகளிர் மன்றப் பிரதிநிதிகள் அடங்கிய தேர்தல் குழுக்கள் தேர்ந்தெடுக்கின்றன. மீதி மூன்றில் இரண்டு இளைஞர்களுக்கு, ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கு. 2003-இல் வந்த அரசியலமைப்பு, முடிவெடுக்கும் அமைப்புகள் எல்லாவற்றிலும் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டுத் தேர்தலில் 39 பெண்கள் வந்தார்கள். 2008-இல் 45 பேர். உலகத்திலேயே பெண்கள் பெரும்பான்மையான முதல் நாடாளுமன்றம் அது. 2013-இல் 51, 2018-இல் 49, 2024-இல் மறுபடி 51. ஒதுக்கீடு 24 தான், மீதிப் பேரில் ஏறக்குறைய எல்லாரும் பொதுப் பட்டியலில் நின்று வந்தவர்கள். ஒதுக்கீடு கொடுத்தால் கட்சிகள் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளும் என்று எல்லா ஊரிலும் ஒரு பயம் உண்டு. ருவாண்டாவில் அது பலிக்கவில்லை.

“ஆண்கள் நிறைய பேர் செத்தார்கள், அதனால் பெண்கள் வந்தார்கள்” என்று ஒரே வரியில் விளக்குபவர்கள் உண்டு. 1994-இல் டுட்சி இனத்தவர் மீது நடந்த இனப்படுகொலையில் நூறு நாளில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்ட நாடு; மிச்சமிருந்த குடும்பங்களில் பலவற்றுக்குப் பெண்ணே தலைவி ஆனாள் என்பது உண்மைதான். ஆனால் போரில் ஆண்களைப் பறிகொடுத்த நாடுகள் வேறு எத்தனையோ இருக்கின்றன, அங்கெல்லாம் இது நடக்கவில்லை. ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணி, உகாண்டாவில் அகதிகளாக இருந்த காலத்திலேயே பெண்களைக் கட்சி வேலையில் வைத்திருந்தது. அதன் நிதிப் பொறுப்பைப் பார்த்தவர் அலோயீசியா இன்யும்பா என்ற இளம்பெண். போர் முடிந்ததும் அவரே மகளிர், குடும்ப நல அமைச்சரானார். அடிமட்டத்திலிருந்து தலைநகர்வரை மகளிர் மன்றங்கள் அடுக்கடுக்காக உருவானது அந்தக் காலத்தில்தான்.

1999-இல் வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன் வழக்கப்படி, கணவன் செத்தால் நிலம் அவன் சகோதரர்களுக்குப் போகும். அப்பன் நிலத்தில் மகளுக்குப் பங்கு கிடையாது. படுகொலையிலிருந்து உயிர் தப்பிய ஒரு விதவை, தான் விதைத்த வயலில் கால் வைக்கக் கணவனின் தம்பியிடம் கேட்டு நிற்க வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்றது புதிய சட்டம். நாடாளுமன்ற இடங்கள் வந்தது அதற்கு நாலு வருடம் கழித்து. நிலம் முதலில், பதவி அப்புறம் என்ற இந்த வரிசையை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். ருவாண்டாவைப் பின்பற்றப் போவதாகச் சொல்லும் நாடுகள் பெரும்பாலும் பதவியை மட்டும்தான் பார்க்கின்றன.

1994-க்கு முன்பும் ருவாண்டாவில் பெண்கள் உயர்பதவியில் இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிரதமராக இருந்த அகாத் உவிலிங்கியிமானா வேதியியல் ஆசிரியையாக இருந்து வந்தவர். கல்வி அமைச்சராக இருந்தபோது பள்ளிச் சேர்க்கையில் இருந்த இனவாரிக் கணக்கை நீக்கியவர். படுகொலை தொடங்கிய 1994 ஏப்ரல் 7 காலையிலேயே அவரைக் கொன்றார்கள். அவருடைய பாதுகாப்புக்குப் போன 10 பெல்ஜிய ஐ.நா. வீரர்களையும் கொன்றார்கள். அதே நாட்களில் மகளிர், குடும்ப நல அமைச்சராக இருந்தவர் போலின் ந்யிராமாசுஹுகோ. தன் சொந்த ஊரான புட்டாரே பகுதியில் படுகொலைக்கும் பெண்கள் மீதான வன்புணர்வுக்கும் துணைபோனதாக, ருவாண்டாப் படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த சர்வதேசத் தீர்ப்பாயம் 2011-இல் அவரைக் குற்றவாளி என்றது. இனப்படுகொலைக் குற்றத்துக்காகச் சர்வதேச நீதிமன்றம் ஒன்று தண்டித்த முதல் பெண், மகளிர் நல அமைச்சர்! பெண் வந்தாலே பெண்களுக்கு நல்லது நடந்துவிடும் என்று நம்புபவர்களிடம் இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

சரி, இத்தனை இடம் கிடைத்த பிறகு ருவாண்டாப் பெண் உறுப்பினர்கள் என்ன செய்தார்கள்? கட்சி பேதமில்லாமல் சேர்ந்திருந்த பெண் உறுப்பினர் மன்றம் 1996-இலிருந்தே இருந்தது. பாலினம் சார்ந்த வன்முறைக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது அந்த மன்றம்தான். மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பேசி, மசோதாவை நாலு பெண் உறுப்பினர்களும் நாலு ஆண் உறுப்பினர்களும் சேர்ந்து முன்மொழியும்படி பார்த்துக்கொண்டார்கள். “பொம்பளைங்க விஷயம்” என்று தள்ளிவிடக் கூடாதே என்ற சாமர்த்தியம் அது. அரசு கொண்டுவராமல் உறுப்பினர்களே எழுதி நிறைவேற்றிய அபூர்வமான சட்டங்களில் ஒன்று. 2008-இல் நிறைவேறியது.

மறு ஆண்டே வேறொன்று நடந்தது. 2009-இன் புதிய தொழிலாளர் சட்டம் மகப்பேறு விடுப்பின் 12 வாரத்தில் முதல் 6 வாரத்துக்கு மட்டும் முழுச் சம்பளம் என்றது. அடுத்த 6 வாரமும் வீட்டில் இருந்தால் சம்பளத்தில் 20 சதவீதம்தான். உலகத்திலேயே பெண்கள் பெரும்பான்மையான ஒரே நாடாளுமன்றம் அன்றைக்கு இந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியது. முதலீட்டாளர்களுக்குத் தோதான தொழிலாளர் சட்டம் வேண்டும் என்பது அரசின் முடிவு. கட்சி முடிவு என்றால் கட்சி முடிவு. 2016-இல் மகப்பேறுக் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகுதான் 12 வாரச் சம்பளம் திரும்பக் கிடைத்தது.

அந்த இடங்களைக் கொடுத்தது யார் என்பது இங்கேதான் தெரிகிறது. பட்டியலை எழுதுவது தேசபக்த முன்னணி. அதன் தலைவர் போல் ககாமே 2024 தேர்தலில் 99 சதவீத வாக்குடன் வென்றதாக அறிவிக்கப்பட்டவர். வன்முறைச் சட்டம் போன்றவற்றில் பெண் உறுப்பினர்களுக்கு உண்மையான சுதந்திரம் இருந்தது. ஆட்சியின் பொருளாதார, பாதுகாப்பு முடிவுகளில் அது இல்லை. பட்டியலுக்கு வெளியே இருந்து வரும் பெண்ணுக்கு என்ன கதி என்பதற்கு இரண்டு பேரைப் பார்க்கலாம். தியான் ருவிகாரா 2017-இல் அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். சில நாளிலேயே அவருடையவை என்று சொல்லப்பட்ட நிர்வாணப் படங்கள் இணையத்தில் பரவின. கையெழுத்துகள் போலி என்று வேட்புமனு தள்ளுபடியானது. பிறகு தாயோடு சேர்த்துக் கைது. 2018 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2024-இலும் அவரைப் போட்டியிட விடவில்லை. விக்டுவார் இங்காபிரே 2010-இல் தேர்தலில் நிற்க நாடு திரும்பியவர். சிறைக்குப் போய் 2018-இல்தான் வெளியே வந்தார், 2025-இல் மறுபடி கைதானார்.

ஆனால் இதைச் சொல்லி ருவாண்டா வெறும் நாடகம் என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வாரிசுரிமைச் சட்டம் கொடுத்த நிலப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்கிறது. அது நாடகம் இல்லை.

பக்கத்து உகாண்டா இதையே வேறு வழியில் செய்தது. 1989-இலிருந்து மாவட்டத்துக்கு ஒரு பெண் உறுப்பினர் என்று ஒதுக்கினார்கள். 1990-களின் நடுவில் 39 மாவட்டம். இன்றைக்கு 130-க்கும் மேல். புது மாவட்டம் ஒன்றை அறிவித்தால் ஒரு பெண் உறுப்பினர் இடமும் சேர்ந்து பிறக்கும். அதைக் கொடுத்தவருக்கு நன்றிக்கடனும் பிறக்கும். அதிபர் முசெவேனிக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

1998-இல் அங்கே நடந்த ஒன்றை ஆப்பிரிக்கப் பெண் அரசியலைப் படிக்கும் எல்லோருமே எடுத்துச் சொல்வார்கள். நிலச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, கணவனும் மனைவியும் குடியிருக்கும், பிழைப்பு நடத்தும் நிலம் இருவருக்கும் கூட்டுச் சொத்து என்ற திருத்தத்தை மிரியா மாதெம்பே முன்வைத்தார். வாய்க்குத் தயவு தாட்சண்யம் தெரியாதவர் என்று பேர் வாங்கியவர் அவர். அவையில் திருத்தம் நிறைவேறியது. சட்டம் அச்சாகி வந்தபோது பார்த்தால் அந்தப் பிரிவையே காணோம். முறைப்படி முன்மொழியப்படவில்லை என்று காரணம் சொன்னார்கள். “தொலைந்துபோன பிரிவு” என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து ஜெயித்தது அச்சகத்துக்குப் போகும் வழியில் தொலையுமா என்று பெண்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டன. மாதெம்பே அப்புறம் அமைச்சராகவும் இருந்தார். அதிபர் பதவிக்கால வரம்பை நீக்குவதை எதிர்த்தார், 2003-இல் அமைச்சரவையில் இடம் போயிற்று.

இனி லைபீரியா. எலன் ஜான்சன் சர்லீஃப் 2005 தேர்தலின் இரண்டாம் சுற்றில் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வேயாவைத் தோற்கடித்து, ஆப்பிரிக்காவில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபரானார். அந்த வெற்றிக்கு இரண்டு ஆண்டு முன்பு நடந்ததைப் பார்க்காமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது. 2003-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். அன்றைய அதிபர் சார்லஸ் டெய்லர் தினமும் காரில் போகும் வழி அது. கேட்டது ஒன்றே ஒன்று: போரை நிறுத்து. அந்தப் பெண்களைத் திரட்டியவர் லேமா போவீ. சமாதானப் பேச்சு கானாவில் நடந்தபோது ஒரு குழுவாக அங்கேயும் போனார்கள். உள்ளே ஆயுதக் குழுத் தலைவர்கள் நல்ல ஓட்டலில் தங்கி, எந்த அமைச்சகம் யாருக்கு என்று வாரக்கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் இந்தப் பெண்கள் கையோடு கை கோத்து மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள், ஒப்பந்தம் வரும்வரை யாரும் வெளியே போக முடியாது என்று. காவலர்கள் கைது செய்ய வந்தபோது போவீ தன் உடையைக் களையத் தொடங்கினார். தாயின் வயதில் இருப்பவள் தானாகவே நிர்வாணமாக நின்றால் அதைப் பார்க்கும் ஆணுக்குச் சாபம் என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் ஆழமாக ஊறிய நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சித் தலைவர் அப்துல்சலாமி அபூபக்கர் வந்து சமாதானம் பேசினார். 2003 ஆகஸ்ட் 18-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தம் அமைச்சகங்களையும் அரசு நிறுவனங்களையும் ஆயுதம் ஏந்தியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவர்கள் ஓட்டுச் சேகரிப்பில் இறங்கினார்கள். சந்தைப் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் பதிவுக்குப் போக வைத்தார்கள். சர்லீஃபின் வெற்றி அங்கிருந்து வந்தது. 2011-இல் இருவரும் சேர்ந்து நோபல் அமைதிப் பரிசு பெற்றார்கள், ஏமனின் தவக்குல் கர்மானோடு. இங்கே நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது: சர்லீஃப் 12 வருடம் ஆண்டார், கடன்சுமையைக் குறைத்தார், எபோலாவைச் சமாளித்தார். ஆனால் கட்சிகளில் பெண்களுக்கு இடம் கொடுக்கும் கட்டாயச் சட்டம் எதுவும் அந்தக் காலத்தில் நிறைவேறவில்லை. அவருக்கு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க நடந்த 2017 தேர்தலில் அதிபர் பதவிக்கு நின்ற 20 பேரில் ஒரே ஒருவர் பெண். கீழவையில் பெண்கள் பத்தில் ஒன்றைச் சற்றே தாண்டியிருந்தார்கள். மேலே ஒருவர் போனதால் ஏணி கீழே இருப்பவர்களுக்குக் கிடைத்துவிடாது.

நைஜீரியாவின் கதை இன்னும் வேடிக்கை. உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர் ங்கோசி ஒகோஞ்சோ-இவேலா நைஜீரியர். 2021-இல் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் ஆப்பிரிக்கர். ஐ.நா.வின் துணைப் பொதுச்செயலாளராக 2017-இலிருந்து இருக்கும் அமினா முகமதும் நைஜீரியர். ஜெனீவாவுக்கும் நியூயார்க்குக்கும் தகுதியான பெண்களை அனுப்பும் நாடு, தன் நாடாளுமன்றத்தில் 360 பேர் கொண்ட கீழவையையும் 109 பேர் கொண்ட செனட்டையும் சேர்த்தாலும் 20 பெண்கள் அளவில்தான் வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பதவிக்கு உள்ளூர்க் கட்சியிடம் சீட் வாங்க வேண்டியதில்லை. உள்ளூரில் சீட் வாங்கக் கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலைத் தாண்ட வேண்டும். அங்கே ஓட்டுப்போடும் பிரதிநிதிகளைக் கவனிக்கப் பணம் வேண்டும், தூக்கிவிடச் செல்வாக்குள்ள ‘பெரியப்பா’ ஒருவர் வேண்டும், இரவுக் கூட்டங்களில் உட்கார வேண்டும். 2011-இல் ஆளும் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் நின்ற சாரா ஜிப்ரிலுக்குக் கிடைத்தது மொத்தம் ஒரே ஓட்டு. மண்டபத்தில் பெண் பிரதிநிதிகள் இல்லாமல் இல்லை. கட்சிகளில் மகளிர் அணி உண்டு, கூட்டத்துக்கு ஆள் சேர்க்க, பாட, ஆட, சமைக்க. இது நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

2022 மார்ச் 1-ஆம் தேதி நைஜீரிய நாடாளுமன்றம், பெண்களுக்கென்று கூடுதலாக 111 இடங்களை உருவாக்கும் திருத்தம் உட்படப் பெண்கள் தொடர்பான ஐந்து மசோதாக்களைத் தள்ளுபடி செய்தது. பெண்கள் அவை வாசலில் நாள்கணக்கில் போராடினார்கள். 2025-இல் செனட்டர் நடாஷா அக்போதி, செனட் தலைவர் தனக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார், அவர் மறுத்தார். சில நாளில் நடாஷாவுக்கு ஆறு மாத இடைநீக்கம். செனட் சொன்ன காரணம், இருக்கை மாற்றத்தை ஏற்காமல் விதியை மீறினார் என்பது. அவர் புகாரை எடுத்துக்கொண்டு நியூயார்க்கில் நடந்த நாடாளுமன்றங்களின் சர்வதேச ஒன்றியக் கூட்டத்துக்குப் போனார். உள்ளூரில் கதவு மூடினால் வெளியே தட்டுவது என்பது ஆப்பிரிக்கப் பெண் அரசியலில் பழகிப்போன வழி.

சட்டம் எழுதினால் தீர்ந்துவிடுமா என்றால், செனெகலையும் கென்யாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செனெகல் 2010-இல் கட்சிப் பட்டியலில் ஆண், பெண், ஆண், பெண் என்று மாறி மாறி எழுத வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலே செல்லாது என்று சட்டம் போட்டது. 2012 தேர்தலில் 150 பேரில் 64 பெண்கள். மீறினால் பட்டியல் குப்பைக்கு என்பதால் கட்சிகள் அடங்கின. அங்கேயும் ஓட்டை உண்டு: முரீது என்ற இஸ்லாமிய சூஃபி மார்க்கத்தின் புனித நகரான தூபாவில் 2014 உள்ளாட்சித் தேர்தலுக்கு ஆண்கள் மட்டுமே கொண்ட பட்டியல் போட்டார்கள், அது அப்படியே ஏற்கப்பட்டது. 2022 டிசம்பரில் பெண் உறுப்பினர் ஒருவரை அவைக்குள்ளேயே ஆண் உறுப்பினர்கள் அடித்தார்கள். அவர் அப்போது கர்ப்பிணி. அடித்த இருவருக்கும் ஆறு மாதச் சிறை. கென்யாவின் 2010 அரசியலமைப்போ, எந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பிலும் ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. மீறினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. நிறைவேற்றும் சட்டத்தை எழுத வேண்டியது அதே ஆண் பெரும்பான்மை நாடாளுமன்றம். மசோதா வரும்போதெல்லாம் போதுமான உறுப்பினர்கள் அவைக்கே வரமாட்டார்கள். 2020 செப்டம்பரில் தலைமை நீதிபதி டேவிட் மராகா, நாடாளுமன்றத்தையே கலைக்க வேண்டும் என்று அதிபருக்கு எழுதினார். கலைக்கவில்லை. 2019-இல் பெண் உறுப்பினர் ஒருவர் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு அவைக்கு வந்தபோது “அந்நியர்” என்று வெளியே அனுப்பிய அவையும் அதுதான்.

இனி, சர்வதேச அமைப்புகள். இந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெயர் வருகிறது: நவநீதம் பிள்ளை. ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2013 ஆகஸ்டில் இலங்கைக்கு வந்துபோனவர் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் அவரை நினைவு வைத்திருக்கிறோம். அவருடைய பெரிய வேலை அதற்கு 15 ஆண்டு முன்பே முடிந்துவிட்டது. டர்பனில் பேருந்து ஓட்டுநரின் மகள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேத்தி. அக்கம்பக்கத்து மக்கள் பணம் சேர்த்துக் கொடுத்துத்தான் பல்கலைக்கழகம் போனார். வெள்ளை ஊழியர்கள் வெள்ளையரல்லாத ஒருவரிடம் உத்தரவு வாங்க முடியாது என்று எந்த வக்கீல் அலுவலகமும் சேர்த்துக்கொள்ளாததால், 1967-இல் நேட்டால் மாகாணத்தில் தானே அலுவலகம் திறந்தார். ருவாண்டா தீர்ப்பாயத்தில் தாபா ஊரின் முன்னாள் மேயர் அகாயேசு மீதான வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் அவர் ஒருவரே பெண். முதல் குற்றப்பத்திரிகையில் வன்புணர்வு என்ற குற்றமே இல்லை. புலனாய்வு செய்தவர்கள் அதைத் தேடவில்லை. 1997-இல் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது தன் சிறு மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். இன்னும் சில பெண்கள் சொன்னார்கள். விசாரணை நிறுத்தப்பட்டு, குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி தீர்ப்பு, வன்புணர்வு இனப்படுகொலைச் செயலாகவும் இருக்கலாம் என்று உலகத்தில் முதல் தடவையாகச் சொன்னது. அந்த நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது ஐ.நா. பொதுச்சபை. எந்தக் கட்சித் தலைவரும் பிள்ளையின் இடத்தைப் பிடுங்கியிருக்க முடியாது. ருவாண்டா அவையின் 80 பேரில் 51 பெண்கள் சாதிக்காததைச் சில சமயம் மூன்று நீதிபதிகளில் ஒரே ஒரு பெண் சாதிப்பது இதனால்தான்.

பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றிய ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325-ஆம் தீர்மானம் 2000 அக்டோபர் 31-இல் வந்தது. அந்த மாதம் சபைத் தலைமை நமீபியாவிடம் இருந்தது. அதற்கு அடித்தளம் போட்ட அறிக்கையும் அதே ஆண்டு மே மாதம் நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் உருவானது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கு நாடுகள் பெண்ணுரிமையைச் சொல்லிக்கொடுத்தன என்ற எண்ணம் இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புச் சபைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணே கினியாவின் ஜான் மார்ட்டின் சிசே, 1972-இல். பொதுச்சபைக்குத் தலைவரான இரண்டாவது பெண் லைபீரியாவின் ஆஞ்சி புரூக்ஸ், 1969-இல். முதலாமவர் நம் விஜயலட்சுமி பண்டிட். ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்கு மட்டும் 80 ஆண்டில் ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள். உபதேசம் செய்யும் வீட்டின் நிலை அது.

பெண்ணுரிமைக்கான ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மபூட்டோ நெறிமுறை 2003 ஜூலையில் ஏற்கப்பட்டு 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 40-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்புறுதி செய்திருக்கின்றன. திருமண வயது 18, விதவையின் சொத்துரிமை, பெண்ணுறுப்புச் சிதைப்புக்குத் தடை, வன்புணர்வால் வந்த கருவைக் கலைக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. கருக்கலைப்பை இப்படி வெளிப்படையாகச் சொன்ன முதல் சர்வதேச ஒப்பந்தம் அதுதான். பலன்? சில இடத்தில் நிஜமாகவே பலன். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2018-இல் அந்த நெறிமுறையை அரசிதழில் வெளியிட்டார்கள். ஒப்பந்தம் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேல் என்பது அந்த நாட்டு அரசியலமைப்பு. அந்த ஒரு வெளியீட்டால், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் கருக்கலைப்புச் சட்டப்படி சரி என்றாயிற்று. சியரா லியோனில் கர்ப்பமான மாணவிகள் பள்ளிக்கு வரக் கூடாது என்று ஒரு தடை இருந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்தின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அதைத் தவறு என்றது, 2020 மார்ச்சில் அரசு தடையை நீக்கியது. மாலியில் கதை வேறு. 2009-இல் நல்லதொரு குடும்பச் சட்டம் நிறைவேறி, மத அமைப்புகள் தலைநகர் பமாக்கோவில் பெருங்கூட்டம் கூட்ட, 2011-இல் நீர்த்துப்போன வடிவம் வந்தது. ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2018-இல் அது மபூட்டோ நெறிமுறையை மீறுகிறது என்றது. தீர்ப்பு தீர்ப்பாகவே இருக்கிறது. அங்கே ஆட்சியே ராணுவத்தின் கையில் போய்விட்டது.

காம்பியாவையும் விட முடியாது. 2015-இல் பெண்ணுறுப்புச் சிதைப்பைத் தடைசெய்த சட்டத்தை நீக்க 2024-இல் ஒரு மசோதா வந்தது. 58 உறுப்பினர்களில் 5 பேர்தான் பெண்கள். மார்ச்சில் பெரும்பான்மையோர் மசோதாவை மேலே அனுப்ப வாக்களித்தார்கள். ஜூலையில் அதே அவை அதைத் தோற்கடித்தது. இடைப்பட்ட நாலு மாதத்தில் பெண்கள் அமைப்புகளும், சிதைப்புக்கு ஆளானவர்களும், மருத்துவர்களும் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினார்கள். மபூட்டோ நெறிமுறையில் கையெழுத்துப் போட்ட நாடு என்ற பிடியும் கையில் இருந்தது. ஒப்பந்தங்களின் பயன் இந்த அளவில்தான் என்பது என் கணிப்பு: தானாக எதையும் செய்யாது, உள்ளூரில் சண்டை போட ஆள் இருந்தால் கையில் ஒரு தடியாக உதவும்.

பெண் அதிபர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலாவியின் ஜாய்ஸ் பண்டாவும் தான்சானியாவின் சாமியா சுலுஹு ஹசனும் துணைப் பதவியில் இருந்து, அதிபர் இறந்ததால் மேலே வந்தவர்கள். பண்டா 2014 தேர்தலில் தோற்று, முறைகேடு என்று அதை ரத்துசெய்யப் பார்த்து, நீதிமன்றம் தடுத்த பிறகு இறங்கினார். சாமியா 2025 அக்டோபரில், முக்கிய எதிர்க்கட்சியைப் போட்டியிட விடாமல், தலைவரைத் தேசத்துரோக வழக்கில் சிறையில் வைத்து, 98 சதவீத வாக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டார். தெருவில் ரத்தம் சிந்தியது. ஆண் செய்தால் சர்வாதிகாரம் என்போம், பெண் செய்தாலும் அதே பெயர்தான்.

நமீபியாவை மட்டும் ஆவலோடு கவனிக்கிறேன். 2025 மார்ச் 21-இல் பதவியேற்ற நெதும்போ நந்தி-என்தைத்வா, 1325-ஆம் தீர்மானம் உருவான ஆண்டில் அந்நாட்டின் மகளிர் நல அமைச்சர். துணை அதிபர் பெண், நாடாளுமன்ற சபாநாயகரும் பெண். ஆளும் ஸ்வாப்போ கட்சி 2013-இலேயே பட்டியலில் பாதிக்குப் பாதி என்று தன் விதியில் எழுதிக்கொண்டது. இவர் கட்சிக்குள் போட்டியிட்டு, பொதுத்தேர்தலில் 57 சதவீதத்துக்கு மேல் வாங்கி வந்தவர். யாரும் இறந்து கிடைத்த இடமில்லை. ஆனால் நமீபியாவில் இன்றும் இருக்கும் கருக்கலைப்புச் சட்டம், தென்னாப்பிரிக்க வெள்ளை ஆட்சி 1975-இல் போட்டது. தென்னாப்பிரிக்கா தன்னுடையதை 1996-இலேயே மாற்றிவிட்டது. மபூட்டோ நெறிமுறையை ஏற்புறுதி செய்த நமீபியா மாற்றவில்லை. புதிய அதிபர் இந்த விஷயத்தில் பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். விண்ட்ஹூக்கில் பெண்கள் அந்தச் சட்டத்துக்கு எதிராக ஊர்வலம் போயிருக்கிறார்கள்.